தும்பை வைத்த சிப்பி

தென்னையும் பாறையுமாக இருந்த ஒரு தீவில் கயலி என்றொரு நீர்நாய் இருந்தது. நீச்சலில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான்.

மழைக்காலம் முடிந்தால் போதும், மலைக்காட்டு விலங்குகள் சுற்றிப் பார்க்கக் கடற்கரைக்கு இறங்கி வரும். அருவிக்கு அழைத்துப் போவது குரங்கு. அலையாத்திக் காட்டைக் காட்டுவது உடும்பு. குட்டித்தீவு கயலியின் பொறுப்பு. கடல் வற்றும்போது குட்டித்தீவுக்குப் போக நடுவில் ஒரு மணல்திட்டு எழும்பும். அதன் மேல் நடந்து போனால் அங்கே ஒரு பாடும் குகை இருக்கிறது. அலை உள்ளே போய் வரும்போதெல்லாம் குகை நாதஸ்வரம் மாதிரி ஊதும். ஆனால் கடல் ஏறினால் திட்டு மூழ்கிவிடும். அப்புறம் நீந்தத் தெரியாதவர் பாடு திண்டாட்டம்தான்.

அதற்காகவே அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். திட்டு தொடங்கும் இடத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. போகிறவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு சிப்பியை வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் தான் வைத்ததைத் தானே எடுக்க வேண்டும். பாறையில் ஒரே ஒரு சிப்பி மிச்சம் இருந்தாலும் அடுத்த கூட்டம் திட்டில் கால் வைக்கக் கூடாது.

பாறைக்குக் காவல் கொடுக்கன் என்ற நண்டு. நீர்நாய்க்கு நண்டு என்றால் நாக்கில் எச்சில் ஊறும் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனாலும் கொடுக்கன்மேல் யாரும் பல் வைத்ததில்லை. ஆபத்து என்றால் அது தன் கொடுக்கால் பாறையை மூன்று தட்டுத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் கடல்புல் மேயும் பெரிய கடலாமை எங்கே இருந்தாலும் வந்துவிடும். அது ஒன்றுதான் அந்தத் திட்டில் போகிறவர்களுக்குத் துணை.

அன்று காலையில் கயலிக்குப் பொறுக்கவில்லை. குரங்கு ஒரே காலையில் இரண்டு கூட்டத்தை அருவிக்கு அழைத்துப் போய் வந்துவிட்டதாம். கிளிகள் மலை முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தன. கிளிகள் யாரைப் புகழ்கின்றனவோ அவர்களைத் தேடித்தானே கூட்டம் வரும்?

"இன்னிக்கு ஒரே வற்றத்துல ரெண்டு கூட்டம் கூட்டிட்டுப் போறேன். பார்த்துட்டுப் போய் மலையில சொல்லுங்க" என்று கிளிகளிடம் அளந்துவிட்டது கயலி.

முதல் கூட்டத்தில் நான்கு முயல்கள், ஒரு கீரி, ஒரு காட்டாமை. ஆமையின் பெயர் தும்பை. குகையின் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒன்பது நாள் நடந்து வந்திருந்தது. மணலில் தேடித் தேடி, ஓரம் உடைந்த ஒரு ஊதாச் சிப்பியை எடுத்துப் பாறையில் வைத்தது.

"இது என்னுது அண்ணே. ஓரம் உடைஞ்சிருக்கு, அடையாளம் தெரியும்" என்றது கொடுக்கனிடம்.

"நல்லபடியா போய்ட்டு வந்து எடுத்துக்கம்மா" என்றது கொடுக்கன்.

முயல்கள் தாவி ஓடின. கீரி பின்னாலேயே ஓடியது. தும்பை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது. கயலி முன்னால் ஓடும், திரும்பிப் பார்க்கும், பல்லைக் கடிக்கும். முயல்களும் கீரியும் குகையில் பாட்டைக் கேட்டு, போதும் போதும் என்று திரும்பி வந்தபோதுதான் தும்பை குட்டித்தீவின் மணலில் கால் வைத்தது.

கயலி மனதில் கணக்குப் போட்டது. இதைக் குகைக்கு அழைத்துப் போய், மறுபடி கரைக்கு நடத்திக் கூட்டிப் போனால் இரண்டாவது கூட்டம் நடக்கவே நடக்காது.

"தும்பை, நீ இங்கேயே இரு. அடுத்த கூட்டத்தைக் கூட்டிட்டு வர்றேன். அவங்களோட சேர்ந்து குகையைப் பார்த்துட்டு, அவங்களோடவே திரும்பிடலாம். உனக்கும் ஓய்வு கிடைக்கும்" என்றது.

"சரிக்கா. நீங்க சொன்னா சரி" என்றது தும்பை. கயலி சொன்னதை அது அப்படியே நம்பியது.

கரைக்கு வந்ததும் முயல்களும் கீரியும் தங்கள் சிப்பிகளை எடுத்துக்கொண்டு போயின. பாறையில் ஊதாச் சிப்பி மட்டும் இருந்தது. கொடுக்கன் அந்தப் பக்கம் திரும்பி, காத்திருந்த முள்ளம்பன்றிகளை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கயலி சட்டென்று அந்தச் சிப்பியை எடுத்துக் கையிடுக்கில் செருகிக்கொண்டது.

கொடுக்கன் திரும்பிப் பார்த்தது. பாறை காலி.

"எல்லாரும் வந்தாச்சா கயலி?"

"வந்தாச்சு அண்ணே. அடுத்த கூட்டத்தை அனுப்புங்க."

கொடுக்கன் கடலைப் பார்த்தது. கண்ணை மேலே தூக்கி மறுபடியும் பார்த்தது. தெற்கே வானம் கறுத்திருந்தது. காற்று கடலைத் திட்டின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"இல்ல. இன்னிக்குக் கடல் சீக்கிரம் ஏறுது. இனிமே யாரும் போக வேண்டாம். எல்லாரும் வந்துட்டாங்கல்ல, அது போதும்" என்றது. முள்ளம்பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போயின.

கயலி திட்டைத் திரும்பிப் பார்த்தது; நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. 'இப்பச் சொன்னா மானம் போயிடும். கிளிங்க வேற மரத்துல உட்கார்ந்திருக்கு. தண்ணி முழங்கால்தானே இருக்கு, நானே போய்க் கூட்டிட்டு வந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?' என்று நினைத்தது. யாருடைய முழங்கால் என்று அது யோசிக்கவில்லை, பாருங்கள்!

பாறைக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. திட்டின் நடுவில் அலை இரண்டு பக்கமும் வந்து மோதியது. கயலி நீந்திக் கடந்தது. குட்டித்தீவின் மணல் கையகலம்தான் மிச்சம் இருந்தது. பின்னால் செங்குத்தான பாறை. குகைக்குப் போகும் வழியும் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தக் கையகல மணலில், விட்ட இடத்திலேயே தும்பை நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது.

"அடுத்த கூட்டம் வந்தாச்சாக்கா?" என்று கேட்டது.

கயலி பாய்ந்து அதன் பக்கத்தில் போனது. தும்பையின் ஓட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தது. அம்மிக்கல்லைத் தூக்குவது போல இருந்தது. பின்னாலிருந்து தள்ளியது. ஓர் அலை வந்து இருவரையும் பாறையில் மோதியது. தும்பை உப்புத் தண்ணீரைக் குடித்து இருமியது.

"அக்கா, எனக்கு நீந்தத் தெரியாது."

"தெரியும்."

"கொடுக்கண்ணன் இப்ப என் சிப்பியைப் பார்த்திருப்பாருல்ல? அது பாறையிலதானே இருக்கு? பார்த்தா கடலாமையைக் கூப்பிடுவாருல்ல?"

அந்தச் சிப்பி கயலியின் கையிடுக்கில் குத்திக்கொண்டிருந்தது. கொடுக்கன் பாறையைத் தட்டப் போவதில்லை. யாரும் வரப் போவதில்லை. கரையில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள், சிப்பியை எடுத்து அப்படி இருக்க வைத்தது தான்தான் என்பது கயலிக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு அழுகை வந்தது.

"இந்த இடுக்குல காலை ஊன்றிக்க. தலையை உள்ளே இழுக்காதே, மேலே தூக்கி வெச்சுக்க. இந்தத் தடவை நிஜமா வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது.

வாழ்க்கையில் அப்படி ஒரு நீச்சல் அது நீந்தியதில்லை. கரையேறி, மூச்சு வாங்க, ஊதாச் சிப்பியைத் தட்டைப் பாறையில் வைத்தது. கிளிகள் பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்கட்டும் என்று விட்டது.

"அண்ணே, தும்பை அங்கேயே இருக்கு. நான்தான் விட்டுட்டு வந்தேன். சிப்பியை எடுத்ததும் நான்தான். திட்டுறதை அப்புறம் திட்டுங்க, இப்பத் தட்டுங்க."

கொடுக்கன் பாறைமேல் ஏறியது. கொடுக்கை ஓங்கித் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

கடலில் ஒரு தலையும் எழும்பவில்லை. கயலி தண்ணீரையே பார்த்தது. கொடுக்கன் மறுபடி மூன்று தட்டியது. கொடுக்கின் நுனி உடைந்து தெறித்தது. அப்போதும் நிறுத்தாமல் தட்டியது.

தொலைவில் ஒரு பெரிய தலை எழும்பியது.

"எங்கே?" என்றது கடலாமை.

"வாங்க, காட்டறேன்" என்று கயலி முன்னால் பாய்ந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணல் இல்லை. பாறை இடுக்கில் ஒரு மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. அலை வரும்போது அதுவும் மறைந்தது. கடலாமை பாறையோடு ஒட்டி, தும்பைக்குக் கீழே முதுகைக் கொடுத்தது. கயலி பின்னாலிருந்து முட்டி ஏற்றியது. வழுக்கி விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் தும்பையை அணைத்துப் பிடித்துக்கொண்டது. திட்டு முழுக்க ஆழக்கடலாகிவிட்டது. அலை ஒவ்வொன்றும் ஏறி இறங்கும்போது கயலி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தது. "பிடிச்சிருக்கேன். விட மாட்டேன்."

கரையில் இறக்கிவிட்டதும் தும்பை நெடுநேரம் இருமியது. பிறகு நடந்துபோய்த் தன் சிப்பியைத் தானே எடுத்தது. கயலியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளிகள் அன்று மாலைக்குள் மலை முழுக்கச் சொல்லிவிட்டன. ஒரு வார்த்தைகூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் கடல் வற்றியது. வானம் தெளிவாக இருந்தது. கயலியைத் தேடி ஒரு முயல்கூட வரவில்லை. கொடுக்கன் உடைந்த கொடுக்கை ஈரமணலில் புதைத்து வைத்திருந்தது. கயலி எழுந்து போகலாம் என்று நினைத்தபோது மணலில் சரக், சரக் என்று சத்தம் கேட்டது. தும்பை வந்தது. ஓரம் உடைந்த ஊதாச் சிப்பியைப் பாறையில் வைத்தது.

"நான் இன்னும் குகையைப் பார்க்கவே இல்லை" என்றது.

"என்னோடயா வர்றே?" என்று கேட்டது கயலி.

"வழி தெரிஞ்சது உனக்குத்தானே. ஆனா நீ முன்னால போகக் கூடாது. என் பின்னால வா."

கயலி மணலில் இறங்கி ஒரு சிப்பியைத் தேடி எடுத்தது. வழிகாட்டிகள் யாரும் அதுவரை சிப்பி வைத்ததில்லை. அதை ஊதாச் சிப்பிக்குப் பக்கத்தில் வைத்தது. பிறகு தும்பை ஓர் அடி வைத்ததும் தானும் ஓர் அடி வைத்துப் பின்னால் நடந்தது.

பலரை அழைத்துப் போகிறவர் கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் காலைப் பார்த்தே நடக்க வேண்டும்; தவறிவிட்டால் அதை மறைப்பதில் போகும் ஒவ்வொரு நொடியும் அடுத்தவர் உயிருக்கு உலை வைக்கும்.