பொட்டு வைத்த ஹப்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு ஜீப் இருந்தது. அதை ஓட்டுகிற ஒச்சப்பனைவிட அதற்கு இரண்டு வயது கூடுதல். அதன் முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹப். தார் ரோட்டில் ஹப்புக்கு வேலையில்லை. சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். சேற்றில் சிக்கினால் மட்டும் ஒச்சப்பன் இறங்கி வந்து இரண்டு ஹப்பின் குமிழையும் திருக வேண்டும். திருகினால் உள்ளே பல்லோடு பல் கோத்துக்கொண்டு, இஞ்சினின் இழுப்பு முன் சக்கரத்துக்கும் வந்து சேரும். வருஷத்துக்கு நாலைந்து நாள் வேலை. மிச்ச நாளெல்லாம் ஊர்வலம்தான்.

இடது ஹப்புக்கு அந்த நாலைந்து நாளும் பிடிக்காது.

காரணம் இருந்தது. ஜீப் நிற்கிற இடத்தில் வலது பக்கம் சாக்கடை, இடது பக்கம் ரோடு. ஆயுத பூஜையன்று சாக்கடையில் யார் இறங்குவார்கள்? சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் இடது ஹப்புக்கே. மழையில் பொட்டு அழிகிறதே என்று ஒரு வருஷம் ஒச்சப்பன் பெயின்டாலேயே பொட்டு வைத்தான். அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொரு பூச்சு. குமிழின் இடுக்கிலெல்லாம் பெயின்ட் இறங்கிக் கெட்டிப்பட்டது. அப்புறம் அதைக் கழற்றித் துடைக்க அவனுக்குக் கை வரவில்லை.

"கும்பிடுற பொருளைப் போயித் திருகலாமாடா?" என்று இடது ஹப் அடிக்கடி கேட்கும்.

"என்னை யாரும் கும்பிடலண்ணே. அதனால எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல," என்று வலது ஹப் சொல்லும்.

ஒரு ஐப்பசி மாதம், நர்ஸ் ஜெசிந்தா தடுப்பூசிப் பெட்டியோடு ஜீப்பில் ஏறினாள். மேலே கரடிப்பாறையில் முப்பத்தொரு பிள்ளைகள். நாளை விடிந்தால் தாய்மார் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தை பிறக்கும்வரை திரும்ப மாட்டார்கள். பெட்டியில் இருக்கும் ஐஸோ மத்தியானத்துக்குமேல் தாங்காது.

பாதி மலையில், மண் சரிந்த ஒரு திருப்பத்தில் ஜீப் சேற்றில் இறங்கியது. பின் சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி பறித்துக்கொண்டது.

ஒச்சப்பன் இறங்கினான். வலது ஹப்பைத் திருகினான், டக்கென்று கோத்துக்கொண்டது. இடது ஹப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நோகாமல் திருகினான். குமிழ் பாதி தூரம் வந்து நின்றது. பூட்டியதா இல்லையா என்று காட்டும் அம்புக்குறி பெயின்டுக்கு அடியில் போய் ஆறு வருஷம். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஏறி உட்கார்ந்து, நாலு சக்கர லிவரை இழுத்தான்.

முன் அச்சின் நடுவில், வருகிற இழுப்பை இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைக்கிற பல்பெட்டி ஒன்று இருந்தது. அது வந்ததையெல்லாம் இடது பக்கமே அனுப்பியது.

"எனக்கும் கொஞ்சம் கொடுங்கய்யா," என்றது வலது ஹப். "பூட்டிக்கிட்டுக் காத்துக் கிடக்கேன்."

"உன் பக்கம் கனமா இருக்கேப்பா," என்றது பல்பெட்டி. "சக்கரம், சேறு, வண்டின்னு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு நிக்கிற. உங்க அண்ணன் எதையும் சுமக்கல, அந்தப் பக்கம் லேசாச் சுத்துது. லேசா வாங்கிக்கிறவருக்குக் கொடுக்குறதுதான் நம்ம வழக்கம்."

"வாங்கி அவரு என்ன பண்றாரு?"

"அது என் இலாகா இல்ல."

இடது ஹப்புக்குள்ளே அச்சு விர்ரென்று சுழன்றது. வெளியே சக்கரம் இம்மியும் அசையவில்லை. "பாத்தியாடா வேகத்தை," என்றது இடது ஹப்.

ஒச்சப்பன் காது கொடுத்துக் கேட்டான். "இடது பக்கம் நல்லா வேலை செய்யுது நர்சம்மா. சத்தம் வருதுல்ல. வலதுதான் செத்துக் கிடக்கு." சுத்தியலோடு இறங்கி வலது ஹப்பில் ரெண்டு போட்டான். மறுபடி கிளப்பினான். அதே விர். இன்னும் ரெண்டு போட்டான்.

"அண்ணே, நீங்க கோத்துக்கிட்டா எனக்கு அடி நிக்கும்," என்றது வலது ஹப்.

"நீ அடி வாங்குறதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

ஜெசிந்தா கணுக்கால் சேற்றில் இறங்கி நின்று, ஒச்சப்பன் மறுபடி கிளப்பும்போது முன்பக்கத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஒச்சப்பண்ணே, சத்தம் இடது பக்கம் வருது. ஆனா சக்கரம் சுத்தலையே. அப்ப சுத்துறது எது?"

"அது பொட்டு வச்ச பக்கம்மா. அதுல குத்தம் வராது."

"எங்க சென்டர் ஃபிரிட்ஜுக்கும்தான் பொட்டு வச்சிருக்கு. கரண்ட் போனா அதுவும் சூடாத்தாண்ணே ஆகுது." பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐஸ் பாதிக்குமேல் கரைந்திருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் இது வெறும் தண்ணி."

ஒச்சப்பன் பெட்டியைப் பார்த்தான், ஹப்பைப் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். சிவப்பு உரிந்தது, மஞ்சள் உரிந்தது, அதற்கடியில் மறுபடி சிவப்பு. இடுக்கில் டீசல் விட்டு ஊற வைத்து, குறடால் குமிழைக் கவ்விப் பிடித்து முழுசாக முறுக்கினான்.

"டேய் ஒச்சப்பா, மானம் போகுதுடா," என்று இடது ஹப் முனகியது. டக்.

வண்டி, சேறு, மேடு, மருந்துப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அதன் பல்லில் உட்கார்ந்தன.

"இவ்வளவு கனமாடா?"

"பாதிதாண்ணே. மிச்சப் பாதி எங்கிட்ட இருக்கு," என்றது வலது ஹப்.

பல்பெட்டிக்கும் இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஜீப் ஒரு உலுக்கு உலுக்கிச் சேற்றைவிட்டு ஏறியது.

கரடிப்பாறையில் ஜெசிந்தா பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சற்று நேரத்தில் முதல் பிள்ளை வீறிடும் சத்தம் கேட்டது. வெளியே நாலு பேர் ஒச்சப்பனைச் சூழ்ந்துகொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள்.

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "வலது ஹப்பு மக்கர் பண்ணிருச்சுப்பா. சுத்தியலால நாலு வச்சேன். அப்புறம்தான் வழிக்கு வந்துச்சு."

"அண்ணே," என்றது வலது ஹப் மெதுவாக. "நடந்ததை நீங்களாவது சொல்லக் கூடாதா?"

இடது ஹப்புக்குப் பல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. சொன்னால் இனி மேட்டுக்கு மேடு முறுக்குவார்களே என்று யோசித்துப் பார்த்தது.

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசக் கூடாதுடா," என்றது.