இருபது ரூபாய்க்கு ஒரு டம்ளர்

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி விற்கிறவர் சோணைமுத்து. வயது நாற்பத்தெட்டு. அவருக்குப் பாடம் சொல்லும் ஸ்டெல்லா டீச்சருக்கு இருபத்தாறு. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதியே தீருவது என்று ஞாயிறுதோறும் வந்து, சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவார்.

ஒரு ஞாயிறு பாடம் எதிர் மாறல். விலை ஏறினால் வாங்குவது குறையும், இரண்டையும் பெருக்கினால் வருவது மட்டும் மாறாது. புரியட்டும் என்று டீச்சர் அவருடைய கஞ்சியிலேயே கணக்குப் போட்டாள்.

"டம்ளர் பத்து ரூபாய். ஒரு நாளைக்கு நூற்றிருபது டம்ளர் போகுது. இருபது ரூபாய் ஆக்கினா?"

பெருக்கினார், வகுத்தார். "அறுபது."

டீச்சர் சிவப்பு மையில் ரைட் போட்டாள். அவர் விடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி அரிசி, பாதி விறகு, வரும்படி மட்டும் அதே ஆயிரத்து இருநூறு. பதினோரு வருஷமாக இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று டீச்சரிடமே கோபப்பட்டார். புத்தகக் கணக்கு அண்ணே, கடையில் அப்படியே வராது என்று அவள் சொன்னபோது அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சிரித்துக்கொண்டே வந்தார். விலையை இருபதாக்கிப் பார்த்தாராம், அப்படியேதான் வருகிறதாம். ஒரு நாள் அறுபத்திரண்டு, ஒரு நாள் ஐம்பத்தெட்டு.

"ஒரே ஆளுக்குள்ளயே கணக்கு வருது டீச்சர். பெருநாழிப் பக்கத்துப் பொம்பளை ஒண்ணு. புருசன் வார்டுல கிடக்கான். தினமும் அதே இருபது ரூபாதான் நீட்டும். முன்னே ரெண்டு டம்ளர், இப்ப ஒண்ணு."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அந்த ஒண்ணை யார் குடிக்கிறாங்க அண்ணே?"

"அது நம்ம கணக்குல இல்லையே."

அதற்கடுத்த ஞாயிறு வந்தவர் உட்காரவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பெருநாழிப் பெண் வரவில்லையாம். அவள் புருசன் இறங்கி வந்தான். கையில் குளுக்கோஸ் ஊசி, அதன்மேல் பிளாஸ்திரி. முந்தின நாள் வார்டுப் படியில் மயங்கி விழுந்தாளாம். தலையில் அடி. விடிவதற்குள் போய்விட்டாள். அவன் கஞ்சி வாங்க வரவில்லை, ஒன்று கேட்க வந்தான். கீழேயே குடிச்சிட்டேன் என்று சொல்லித்தான் தினமும் டம்ளரை அவன் கையில் கொடுப்பாளாம்.

"குடிச்சாளாண்ணே?" என்று கேட்டானாம்.

இதை டீச்சரிடம் சொல்லும்போது சோணைமுத்துவுக்குக் கோபம்தான் வந்தது.

"ஒரு வார்த்தை பேரம் பேசியிருக்கலாம்ல? இறக்கத்தானே ஏத்திச் சொல்றது? பதினஞ்சுக்குக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். ஏன், பத்துக்கே குடுத்திருப்பேன். வாயே திறக்கலையே டீச்சர்."

சந்தையில் வளர்ந்தவர் அவர். எந்த விலையையும் பாதிக்குக் கேட்டுப் பழகியவர். ஆஸ்பத்திரி வாசலில் யாரும் பேரம் பேசுவதில்லை என்பது பதினோரு வருஷத்தில் அவர் கண்ணில் படவே இல்லை.

விலை அட்டையைக் கிழித்துவிட்டாராம், மறுபடி பத்துதானாம். சொல்லிவிட்டு நோட்டை எடுத்து அந்தக் கணக்குப் பக்கத்தை விரித்தார்.

"இந்த ரைட்டை அடிச்சிடுங்க. தப்புன்னு போடுங்க."

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"விடை சரிதான் அண்ணே. மீதி அறுபது டம்ளரை யார் குடிக்காமப் போனாங்கன்னு கேள்வியில நானும் கேட்கலை."