பத்து நொடியில் மூடச் சொன்ன வால்வு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் எஞ்சினியர் கோதண்டபாணி. நான் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்த நீரேற்று நிலையத்தில், ஒருநாள் சாப்பாட்டு அவசரத்தில் அவரே வால்வைச் சடாரென்று மூடினார். வேகமாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் முட்டி மோதிக் குழாய் வெடித்தது. குழாய் இணைப்பருகே கசிவு பார்த்து நின்ற என் பெயரில் பழியை எழுதிவிட்டார்.

அடுத்த மாதம் தலைமைப் பொறியாளர் அம்மா சோதனைக்கு வந்தார். நான் வழக்கம்போல ஐந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, குழாயில் காது வைத்துக் கேட்டு மூடினேன்.

"இவன் மூடுறதுக்குள்ள விடிஞ்சிடும் மேடம். தங்கப்பழம், திறந்துட்டுப் பத்து நொடியில மூடு. முடியலேன்னா வேலையை விட்டுப் போ," என்றார் கோதண்டபாணி.

"மூடிடுறேன் சார். அன்னிக்கு நான் நின்ன மாதிரி நீங்க அந்தக் குழாய் இணைப்புகிட்ட நில்லுங்க. கசியுதான்னு பார்க்க ஆள் வேணுமே."

அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் போய் நின்றார். நான் வால்வைத் திறந்துவிட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"மெதுவா மூடுய்யா," என்று இணைப்பருகிலிருந்து கத்தினார்.

"எவ்வளவு மெதுவா சார்?"

"நீ எப்பவும் மூடுற மாதிரி."

"அப்போ அன்னிக்கு வேகமா மூடினது யாரு?" என்று அம்மா கேட்டார்.

வேலை தப்பியது. ஆனால் குழாயை உடைத்தவன் நான்தான் என்று அவர் எழுதிய தாள் இன்னும் கோப்பில் கிடக்கிறது. அந்த வரியை அவர் கையாலேயே கோடு போட்டு அடிக்க வேண்டும். நான் ஓய்வுபெற்று ஒன்பது வருஷமாயிற்று. அவர் இன்னும் அடிக்கவில்லை.