மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்ப்

ரெக்ஸலின் டீச்சரிடம் கிட்டார் படிக்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். தூத்துக்குடியில் இத்தனை தெரு இருக்க, போயும் போயும் மாவு மில்லை ஒட்டியா வகுப்புக்கு வீடு பார்ப்பது?

"வாடகை கம்மி" என்பார் டீச்சர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஞானதுரைக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனாலும் அவர் மேற்கொண்டு கேட்டதில்லை. ஐம்பத்து நான்கு வயதில், தன்னைவிட இருபது வயது சின்னவர் முன்னால் உட்கார்ந்து கம்பி அழுத்தப் பழகுகிறவர் வாயை அளந்துதான் திறக்க வேண்டும்.

அவருக்குப் பஜாரில் பெயிண்ட் கடை. "ரெண்டு ரூமுக்கு எத்தனை லிட்டர் வரும்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போன மனிதர். கிட்டாரும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் மட்டும் யாரும் அவரிடம் லிட்டர் கேட்பதில்லை. அதற்காகவே அதன் மேல் அவருக்கு உயிர்.

கீபோர்டுக்குப் பெலிக்ஸ், பாடுவதற்கு அனிட்டா, கிட்டாருக்கு ஞானதுரை, அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு சின்ன ஆம்ப். மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞானஸ்நான விருந்து, நிச்சயதார்த்தம், சனிக்கிழமை சாயங்காலங்களில் கடற்கரை ரோட்டில் ஒரு ஹோட்டல். பெரிய மேடை எதுவும் கிடையாது. ஞானதுரை பெரிய மேடைக்கு ஆசைப்படவும் இல்லை.

அன்று வகுப்புக்கு வந்தவர் கிட்டாரை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

"டீச்சர், ஒரு ஆம்ப் வாங்கணும். எதை வாங்கட்டும்?"

"இருக்கிற ஆம்புக்கு என்ன?"

"பத்தல. என் கிட்டார் யாருக்கும் கேக்க மாட்டேங்கு."

"யாரு சொன்னா?"

ஞானதுரை சுவரைப் பார்த்தார். காரை உரிந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கு என்ன பிரைமர் அடிக்கலாம் என்று சொல்லியிருப்பார்.

"போன வாரம் ஒரு நிச்சயதார்த்தம். வாசிச்சிட்டு இருந்தேன். நடுவுல யாரோ ஒயரை மிதிச்சு, ஆம்புலேருந்து பிடுங்கிட்டு வந்துட்டு. ரெண்டு பாட்டு, டீச்சர். முழுசா ரெண்டு பாட்டு. ஒருத்தருக்கும் தெரியல."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஞானதுரைக்கு அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

"பெலிக்ஸ்தான் கண்டுபிடிச்சான். 'அண்ணாச்சி, நீங்க வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்காட்டியும் ஒண்ணுதான். வர்ற சனிக்கிழமை பாப்பேன். சரிப்படலன்னா கிட்டாரையும் கீபோர்டுலயே போட்டுக்கிடுதேன்'ன்னுட்டான்." ஞானதுரை கிட்டார் உறையைத் தட்டிக் காட்டினார். "அன்னைக்கு ஒரு ஆளாவது கிட்டார் நல்லா இருக்குன்னு சொல்லணும், டீச்சர். அப்படி ஒரு ஆம்ப் வேணும்."

"எங்கெல்லாம் வாசிப்பீங்க?"

"வீட்டுல பழகணும். ஹோட்டல்ல வாசிக்கணும். ரெண்டுக்கும் ஒண்ணே போதும். வால்வு ஆம்புதான் உசத்தின்னு வீடியோல எல்லாரும் சொல்லுதாங்க."

"வால்வு நல்லதுதான். ஆனா சூடேறணும். சத்தமா வச்சாத்தான் அதோட அழகு வெளிய வரும். வீட்டுல எப்பம் பழகுவீங்க?"

"கடையை அடைச்சிட்டு வந்து."

"அந்நேரம் சத்தமா வச்சா?"

"என்னையும் கிட்டாரையும் சேத்து எங்க வீட்டுல வெளிய தூக்கிப் போட்டுருவா."

"அப்பம் டிரான்சிஸ்டர் ஆம்பாப் பாருங்க. கொறச்சு வச்சாலும் கூட்டி வச்சாலும் குணம் மாறாது. சுவிட்சைப் போட்ட உடனே பேசும். ஒரு கையில தூக்கிட்டு நடக்கலாம்."

"அதுலயும் ஏகப்பட்டது இருக்கே. எதை எடுக்க?"

"கடைக்குப் போய் வாசிச்சுப் பாருங்க. மனசுக்குப் பிடிச்சதை இங்க எடுத்துட்டு வாங்க. செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு."

"யாவார நேரமாச்சே. சாயங்காலம் வாரேனே."

"பதினோரு மணி, அண்ணாச்சி."

இசைக்கருவிக் கடைக்காரர் ஞானதுரையின் வாடிக்கையாளர். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்றார். கண்ணாடி அறை ஒன்றில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். உள்ளே ஈ பறந்தாலும் கேட்கும்.

ஞானதுரை இருந்ததிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தார். இடுப்பு உயரம், நூறு வாட். கனத்த சத்தத்துக்கான பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினார். கூர்மையான சத்தத்துக்கான ட்ரெபிளையும் முழுக்கத் திருப்பினார். இரண்டுக்கும் நடுவில் மிட் என்று ஒன்று இருந்தது. அதைக் குறைக்கக் குறைக்கச் சத்தம் மெருகேறிக்கொண்டே போனது. அடியோடு குறைத்துவிட்டார். கீழே கடல் மாதிரி ஒரு முழக்கம், மேலே பனித்துளி மாதிரி ஒரு மினுக்கம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தனி அறையில் கிட்டாரோடு உட்கார்ந்த யாரும் செய்கிற வேலைதான் இது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஆம்ப் ஆட்டோவில் வந்து இறங்கியது. மில் ஓடவில்லை. தெரு அமைதியாக இருந்தது. ஞானதுரை அதைத் தரையில் வைத்து, நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார்.

"எப்படி இருக்கு, டீச்சர்?"

"ரொம்ப அழகா இருக்கு."

டீச்சர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். ஞானதுரைக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது பக்கத்துச் சுவர் அதிர்ந்தது. மில் ஓட ஆரம்பித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வத்தல் அரைக்கிற நாள். இரைச்சலோடு மிளகாய் நெடியும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"வாசிங்க" என்றார் டீச்சர்.

"மில் நிக்கட்டுமே."

"வாசிங்க, அண்ணாச்சி."

வாசித்தார். விரல்கள் ஓடின, பாட்டு வரவில்லை. நிச்சயதார்த்த வீட்டில் இருந்த அதே ஊமைத்தனம். சத்தத்தைக் கூட்டினார். தரை அதிர்ந்தது, பாட்டைக் காணோம். இன்னும் கூட்டினார். அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மில்காரர் மரியசூசை ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"டீச்சர், உங்க வீட்டுக்குள்ளயும் கேக்கா? மோட்டார்ல திம்மு திம்முன்னு என்னமோ இடிக்கி. பேரிங் போயிட்டுன்னு நெனைக்கேன்."

"பேரிங் இல்ல. அண்ணாச்சி கிட்டார் வாசிக்காங்க."

மரியசூசை ஞானதுரையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அப்படியா? ரொம்ப சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைந்த நிம்மதியோடு திரும்பிப் போனார்.

டீச்சர் கட்டிலுக்கு அடியிலிருந்து தன்னுடைய ஆம்பை இழுத்தார். பழசு. சின்னச் சூட்கேஸ் அளவுதான் இருக்கும். அதைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார்.

"கீழயே வைக்கலாமே, டீச்சர்."

"உங்க காது கணுக்கால்லயா இருக்கு?"

ஒயரை ஆம்பின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொருகினார். "இப்படிச் சுத்திட்டா யாரு மிதிச்சாலும் பிடுங்கிட்டு வராது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஞானதுரை வழக்கம்போலத் தலையாட்டினார்.

டீச்சர் பேஸைக் குறைத்தார். மிட் குமிழை நன்றாகக் கூட்டினார். "இப்பம் வாசிங்க."

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஞானதுரை ஒரு கம்பியைத் தட்டினார். கேட்டது. அத்தனை இரைச்சலுக்கும் ஊடே அந்த ஒரு ஸ்வரம் தனியாக நின்றது. அடுத்ததும் நின்றது. அவர் தும்மிக்கொண்டே வாசித்தார்.

"மூணாவது எடத்துல விரல் சரியா விழல" என்றார் டீச்சர்.

ஞானதுரை அந்தத் தப்பை எத்தனையோ மாதமாகச் செய்துகொண்டிருந்தார். இப்போதுதான் அது அவர் காதிலும் விழுந்தது.

வத்தல் மாற்றுவதற்காக மில் நின்றது. ஞானதுரை வாசிப்பை நிறுத்தவில்லை. அந்த அமைதியில் கிட்டாரின் சத்தம் அம்மணமாகக் கேட்டது. அவர் முகம் சுருங்கியது.

"டீச்சர், இது சளி பிடிச்சவன் பேசுத மாதிரில்லா இருக்கு."

"ஆமா."

"அந்தப் பெரிய ஆம்பு எவ்வளவு அழகா இருந்துச்சு!"

"ஆமா."

"அப்பம் எதைத்தான் வாங்க?"

"சனிக்கிழமை இதைக் கொண்டு போங்க. குமிழைத் தொடக்கூடாது. திங்கக்கிழமை வாங்க, பேசுவோம்."

சனிக்கிழமை ஞானதுரை முன்னதாகவே ஹோட்டலுக்குப் போய்விட்டார். மேசை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த சர்வர்களைத் தவிர அங்கே யாருமில்லை. ஆம்பை நாற்காலி மேல் வைத்து, சும்மா நாலு ஸ்வரம் வாசித்துப் பார்த்தார். அதே சளிக்குரல். சர்வர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்த்திருக்கவேண்டாம் என்பதுபோலக் குனிந்துகொண்டார்.

ஞானதுரையின் கை மிட் குமிழுக்குப் போனது. பெரிய ஆம்ப் அவர் கடையில், பிரைமர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு போன் போட்டால் கால் மணி நேரத்தில் வந்துவிடும். இன்றைக்குச் சொதப்பினால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருக்கு மிஞ்சுவது லிட்டர் கணக்குதான். குமிழில் விரல் பட்டுவிட்டது. பிறகு கையை எடுத்துவிட்டார். தெளிவு வந்தெல்லாம் எடுக்கவில்லை. டீச்சர் மேல் இருந்த பயம்தான்.

அதற்குள் பெலிக்ஸும் அனிட்டாவும் வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவர் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. ஆம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல? சாப்பிட வந்தவங்க அனிட்டா குரலு நல்லா இருக்குன்னாங்க. பாட்டெல்லாம் நல்லா இருக்குன்னாங்க. ஒரு அம்மா கையைப் பிடிச்சுக் கண்ணீர் விட்டுச்சு. யாரு கையை? அனிட்டா கையை."

"கிட்டாரை?"

"ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு சொல்லணுமே? கிடையாது. அது பத்தாதுன்னு ஒரு மானக்கேடு வேற."

"என்ன மானக்கேடு?"

"சர்வர் சூப்பைத் தூக்கிட்டு வந்தான். ஒயர்ல கால் மாட்டி..."

"கைப்பிடியில சுத்தலியா?"

"மறந்துட்டேன்."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

"பிடுங்கிட்டு வந்துட்டு. அடுத்த நிமிசம் அனிட்டா பாட்டைப் பாதியில நிறுத்திட்டுத் திரும்பிட்டா. என்னமோ காலுக்குக் கீழ இருந்த பலகையை உருவுன மாதிரி முழிக்கா. அவ திரும்புன உடனே பெலிக்ஸும் கீபோர்டுலேருந்து கையை எடுத்துட்டான். சாப்பிட்டுட்டு இருந்தவங்க அத்தனை பேரும் கரண்டியும் கையுமா என்னையே பாக்காங்க. பூமி பிளந்து என்னைய முழுங்கிறக் கூடாதான்னு இருந்துச்சு, டீச்சர்."

"பெலிக்ஸ் என்ன சொன்னாரு?"

"அவன் என்ன சொல்லுவான்? 'அடுத்த சனிக்கிழமையாவது ஒயரை ஒழுங்கா மாட்டிட்டு உக்காருங்க, அண்ணாச்சி'ன்னு எல்லாரு முன்னாலயும் கத்துதான்."

பக்கத்தில் மில் ஓடத் தொடங்கியது. அன்று மல்லி அரைத்தார்கள். ஞானதுரை குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"பெரிய ஆம்பு இன்னும் என் கடையிலதான் நிக்கி. இன்னைக்கு அதை வச்சிக்கிடணும், இல்லன்னா திருப்பிக் கொடுக்கணும். இப்பமாவது சொல்லுங்க. நான் எதை வாங்கட்டும்?"

டீச்சர் தன்னுடைய ஆம்பின் மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தார். அதில் சூப்புக் கறையும் கொஞ்சம் இருந்தது. அதையும் துடைத்தார். பிறகு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் கேட்டார். மில் இரைச்சலிலும் ஞானதுரைக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

"நிச்சயதார்த்தத்துல ஒயர் பிடுங்கினப்பம் எத்தனை பேரு திரும்பிப் பாத்தாங்க, அண்ணாச்சி?"