நேசம்மா கேட்ட கிணறு

செம்மணல் மேடு மேடா கெடக்குற தேரிக்குப் பக்கத்துல ஒரு ஊரு, அந்த ஊர்ல நேசம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் ஒத்தையாளா நின்னு ஒரு கெணறு வெட்டுனான். தண்ணி கல்கண்டு மாதிரி. வெட்டி முடிச்ச வருசமே அவன் காய்ச்சல்ல செத்துப்போனான். உடனே அவனுக்கு அண்ணன் தேவபிச்சை வந்து, கெணத்தச் சுத்தி முள்ளுவேலி போட்டுட்டான்.

"அத்தான், இது அவுக வெட்டுன கெணறுல்லா"ன்னா நேசம்மா.

"யாரு பாத்தா? சாட்சி இருந்தா கூட்டிட்டு வா"ன்னான்.

சாட்சிக்கு எங்க போவா? தெனமும் விடியக்காலம் வேதக்கோயிலுக்குப் போயி முழங்கால் போட்டு, "ஆண்டவரே, எங்க கெணத்தத் திருப்பித் தாரும்"னு கேப்பா. கேட்டுட்டு, ஊருக்கு வெளிய இருக்க குளத்துக்குக் கொடத்தோட நடப்பா. கோடை போச்சு, மழை போச்சு, பதனீர் காலமும் வந்து போச்சு. பதிலே இல்ல. சில நாளு வார்த்தையே வராது, சும்மா முழங்கால்ல இருந்துட்டு எந்திரிச்சிப் போவா. ஆனா போகாம இருக்க மாட்டா.

அவ போறதையும் வாறதையும் ஊரே பாத்துச்சு. தேவபிச்சைக்கு அது முள்ளா குத்திச்சு. ஒருநாள் முந்திப் போயி, பிரசங்க பீடத்துக்குப் பின்னால திரைக்குள்ள குத்தவச்சுக்கிட்டான். அவ ஜெபம் பண்ணவும், குரல மாத்தி, "நேசம்மா, இப்ப நேரமில்ல, வீட்டுக்குப் போ"ன்னான்.

ஆண்டவரே பேசிட்டாருன்னு நெனச்சு அவ நெத்தியத் தரையில வச்சா. "சரி ஆண்டவரே, நாளைக்கு வாரேன்"ன்னு போயிட்டா.

மறுநாளும் வந்தா. "முடியாது, இனிமே கேக்காத"ன்னான்.

அவ அழுதா. அழுது முடிச்சு மூக்கத் தொடச்சிட்டு, "முடியாதுன்னு சொல்லவாவது வாயத் தெறந்தீரே. பேச ஆரம்பிச்சவரு இன்னுங் கொஞ்சம் பேசுவீரு. நாளைக்கு வாரேன்"ன்னா.

அன்னைக்குக் குளத்துல வச்சு, ஆண்டவர் பேசுனத அப்படியே பொம்பளைகள்ட்ட சொன்னா. சும்மா இருப்பாகளா? தாங்களும் அந்தக் குரலக் கேக்கணும்னு மூணாம் நாளு அத்தன பேரும் கொடத்தோட வந்து, கோயில்ல ஜெபம் நடத்துற உபதேசியாரையும் கூட்டி வந்து, வாசல்ல மூச்சுக் காட்டாம நின்னாக. திரைக்குள்ள இருக்கவனுக்கு அது தெரியாது, பாத்துக்கிடுங்க.

நேசம்மா முழங்கால் போட்டா. "ஆண்டவரே, எங்க கெணத்தத் தாரும்."

"தர முடியாதுன்னு சொன்னேன்லா?"

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லும். கெணறு வெட்டயில நீரு பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"யாரு வெட்டுனா?"

கோயிலுக்குள்ள இருந்துக்கிட்டு, ஆண்டவர் பேரச் சொல்லிப் பொய் சொல்ல அவனுக்கும் நாக்கு எழும்பல. "ஒன் புருசந்தான்"ன்னான்.

"அப்போ கெணறு எனக்குத்தான?"

அவனுக்கு எரிச்சல் வந்துட்டு. "தம்பி வெட்டுனா என்ன? அண்ணன் நான், எனக்குப் பங்கு கெடையாதா?"

வாசல்ல நின்ன ஒருத்தி மெதுவா கேட்டா, "ஆண்டவருக்குத் தம்பியும் உண்டா?"

உபதேசியாரு நேரா போயித் திரைய வெலக்குனாரு. தேவபிச்சை தலையெல்லாம் ஒட்டடையோட உக்காந்திருந்தான். "சாட்சி கேட்டியே, நீயே சொல்லிட்ட"ன்னாரு அவரு.

அன்னைக்கே அவன் கையாலயே வேலியப் பிரிக்க வச்சாக. கை பூரா முள்ளு. அதுக்கப்புறம் அவன் தெருவுல நடந்தா, சின்னப்புள்ள கூட "பீடத்து அண்ணாச்சி"ன்னுதான் கூப்பிடும்.

மறுநாள் விடியக்காலம் நேசம்மா பழையபடி கோயிலுக்குக் கெளம்புனா. பக்கத்து வீட்டுக்காரி, "கெணறுதான் கெடச்சிட்டே, இன்னும் என்ன கேக்கப் போற?"ன்னா.

"பேசுனது அத்தான்லா. ஆண்டவரு இன்னும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசலயே"ன்னு சொல்லிட்டு, அவ பாட்டுக்குப் போயிட்டா.

பதிலு லேட்டா வரும், எந்த வாயில இருந்து வரும்னும் தெரியாது, கேக்குறத மட்டும் விடக் கூடாது. கெணத்துத் தண்ணி நேசம்மாவுக்கு, கேட்ட கத ஒங்களுக்கு, படுங்க.