உள்ளே வந்த கால்கள்

ஜப்பானின் வடக்கே, ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு மழலையர் காப்பகம் இருந்தது. ஹிசாயோ அதன் தலைமை ஆசிரியை. அவரிடம் வேலை பழக மன்னார்குடியிலிருந்து சௌந்தரவல்லி வந்து சேர்ந்தாள். வல்லி என்ற பெயர் குழந்தைகளின் வாயில் பாரி ஆகிவிட்டது. பாரி சென்செய் என்று கூப்பிட்டார்கள். சென்செய் என்றால் ஆசிரியர்.

வல்லி அதிகம் பேசமாட்டாள். பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். குழந்தையோடு பேசும்போது மண்டியிட வேண்டும். மதியத் தூக்கத்துக்கு மெத்தை எடுக்கும்போது, அலமாரிக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். ஹிசாயோ தினமும் அப்படித்தான் திறப்பார். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று வல்லியும் தட்டினாள்.

கோடை முடியும் நேரத்தில் கிருஷ்ண ஜயந்தி வந்தது.

"உங்கள் ஊர்ப் பண்டிகையைக் குழந்தைகளுக்குக் காட்டேன்" என்றார் ஹிசாயோ.

வல்லி அரிசி மாவைக் கரைத்தாள். வலக்கை முஷ்டியை மாவில் தோய்த்துப் பக்கவாட்டில் தரையில் பதித்தாள். விரல் நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்தாள். ஒரு பாதம் வந்தது. இடக்கை முஷ்டியைப் பதித்தாள். மற்றப் பாதம் வந்தது. குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள்.

வீட்டில் வாசலில் தொடங்கும் கால்கள் பூஜை அறையில் போய் முடியும். இங்கே எங்கே முடிப்பது? மெத்தை அலமாரியின் முன்னால் முடித்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் வெண்ணெயும் அவலும் வைத்தாள்.

"இது யாரோட கால்?" என்றான் கெய்தா.

"ஒரு குட்டிப் பையன். இன்றைக்கு வருவான்." அவளுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அவனோட ஷூ எங்கே?"

"ஷூ போடமாட்டான்."

"தெருவுல வெறுங்காலோட நடந்துட்டு உள்ளே வந்தானா? ஹிசாயோ சென்செய்கிட்ட நல்லா வாங்கப் போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மியோ மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஐந்து வயது.

"பார்க்க எப்படி இருப்பான்?" என்றாள்.

"நீலமாக இருப்பான். உடம்பெல்லாம் நீலம்."

"முகமுமா?"

"முகமும்தான்."

"உதடு?"

வல்லி கொஞ்சம் யோசித்தாள். "ஆமாம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் மியோ.

மாலையில் மியோவின் அம்மா வந்தாள். மியோ அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, நேரமாச்சு."

"நான் வரலை. ரென் உள்ளே இருக்கான்."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"கால் உள்ளேதான் வந்திருக்கு, பாரு. வெளியே போகலை. தூங்கற நேரத்துல இங்கேதானே ஒளிஞ்சுப்பான்?"

அம்மா தரையைப் பார்த்தாள். அவள் கை பக்கத்திலிருந்த ஷூ அடுக்கைப் பற்றிக்கொண்டது. பிறகு உள்ளே வந்து, கதறும் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு பாதத்தைக்கூட அவள் மிதிக்கவில்லை.

"ரென் யார்?" என்று கேட்டாள் வல்லி.

"மியோவின் தம்பி. இங்கேதான் இருந்தான். போன குளிர்காலத்தில் ஏரியில் உறைந்திருந்த பனி உடைந்து உள்ளே போய்விட்டான். வெளியே எடுத்தபோது மியோ கரையில் நின்றிருந்தாள்."

வல்லிக்குத் தான் சொன்ன நிறம் நினைவுக்கு வந்தது. துணியைத் தேடினாள்.

"துடைத்துவிடுகிறேன், சென்செய்."

"வழியைத் துடைத்தால் வந்தவன் போய்விடுவானா?"

வல்லி துணியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் மியோ ஒரு ஜோடி ஷூவோடு வந்தாள். ரெனுடையது. அதை அலமாரியின் முன் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். முந்தின இரவிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். மதியச் சாப்பாட்டையும் மியோ அலமாரிப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவன் முதல்ல சாப்பிடட்டும்."

கெய்தாகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். தூங்கும் நேரம் வந்தது. யாரும் மெத்தை கேட்கவில்லை. வெறுந்தரையில் படுத்து, கண்ணை மூடாமல் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திறந்து காட்டிவிடலாமா, சென்செய்? உள்ளே மெத்தைதானே இருக்கிறது?"

"அவன் இல்லை என்று அவளிடம் ஏற்கெனவே ஒரு முறை சொல்லியாயிற்று. இன்னொரு முறை நீ சொல்கிறாயா?"

வல்லி அலமாரியை விட்டு விலகி நின்றாள்.

"உங்கள் ஊரில் அந்தக் குட்டிப் பையன் எப்போது திரும்பிப் போவான்?"

வல்லிக்குத் தெரியவில்லை. வெளியே போய் ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"திரும்பிப் போறதாவது! என்னடி கேள்வி இது?" என்றாள் அம்மா. "ஆத்துக்கு வந்த குழந்தையை யாராவது போன்னு சொல்லுவாளோ? அது சரி, சீடை பண்ணினியோ, இல்லையோ?"

வல்லி திரும்பி வந்தாள். "போகமாட்டானாம்."

"எங்கள் ஊரில் போவார்கள்" என்றார் ஹிசாயோ. "கோடையில் விளக்கேற்றி இறந்தவர்களைக் கூப்பிடுவோம். விளக்கேற்றி அனுப்பியும் வைப்போம். மாவு மிச்சம் இருக்கிறதா?"

மாலையில் மற்றக் குழந்தைகள் போய்விட்டார்கள். மியோவின் அம்மா வாசலில் நின்றாள். ஹிசாயோ மியோவின் முன் மண்டியிட்டு மாவுக் கிண்ணத்தை வைத்தார்.

"ரென் ஏன் இன்னும் வெளியே வரவில்லை?"

"எப்படி வருவான்? வெளியே போற கால் இல்லையே."

"யாராவது போட்டுக் கொடுத்தால்?"

மியோ கிண்ணத்தைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு முஷ்டியை மாவில் தோய்த்தாள். வலது, இடது, வலது, இடது. சின்னஞ்சிறு பாதங்கள் வாசலை நோக்கி நடந்தன.

பாதி அறை வந்ததும் நிறுத்தினாள். இடக்கையைப் பக்கத்தில் நீட்டினாள். விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. அதன் பிறகு அந்தக் கையை அவள் மாவில் வைக்கவில்லை. வலக்கையால் மட்டும் பதித்துக்கொண்டே தவழ்ந்தாள்.

மியோவின் அம்மா சட்டை ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வல்லி யாரையும் பார்க்கவில்லை, அந்த மூடிய விரல்களைத் தவிர.

ஹிசாயோ ரெனின் ஷூவை எடுத்துப் போய், விருந்தாளி புறப்படும்போது வைப்பதைப்போல, முனை வெளியே பார்க்கத் திருப்பி வாசலில் வைத்தார். மியோ அதுவரை வந்தாள். காத்திருந்தாள். பிறகு விரல்களைத் திறந்தாள்.

ஏரிப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள் மியோ.

அம்மா ஹிசாயோவுக்குத் தலை தாழ்த்தினாள். வல்லிக்கும் தாழ்த்தினாள். பிறகு இன்னும் குனிந்து, யாரும் இல்லாத வாசற்படிக்கும்.

காலையில் வல்லி தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து பாதி அறை வரை, வெளியே போகும் பாதங்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. அதற்கப்புறம் வலக்கை பதித்தவை மட்டும்தான் இருக்க வேண்டும்.

வாசல் வரை ஜோடி ஜோடியாகவே இருந்தன.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மெதுவாகத் துடைத்தாள்.

மதியம் குழந்தைகள் மெத்தை கேட்டார்கள். வல்லி அலமாரியைத் திறக்கக் கை வைத்தாள். அதற்குள் ஹிசாயோவின் கை வந்தது. கதவை இரண்டு முறை தட்டியது. காத்திருந்தது.

"ரெனைத்தான் அனுப்பிவிட்டோமே, சென்செய்?"

"மியோ அனுப்பிவிட்டாள்" என்றார் ஹிசாயோ. "நான் இன்னும் இல்லை."