போதும் என்று சொல்லாத பந்தி

ஒரு காட்டில், இலந்தை மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். அங்கே பாடத்தைவிட மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் பெயர். கரடி அத்தை தினைப் பொங்கல் கிண்டினால் மணம் ஆற்றைத் தாண்டிப் போகும்.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நரி வந்து சேர்ந்தது. வளர்ந்தவர்களுக்கு அங்கே சாப்பாடு கிடையாது. அதனால் அது பிள்ளைகளிடம் ஒரு பந்தயத்தைக் கிளப்பிவிட்டது.

"யார் இலையில் பொங்கல் மலை பெரிசோ அவன்தான் வீரன்! இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்கிறவன் கோழை!"

யானைக் கன்று குன்றன் முதல் ஆளாகத் துள்ளினான். "அத்தை, இன்னொரு அகப்பை!"

குரங்குக் குட்டி விடுமா? "எனக்கு ரெண்டு!"

எல்லார் இலையிலும் மலை எழும்பியது. பாதிகூட உள்ளே போகாது. மிச்சத்தைப் பாறைக்குப் பின்னால் கொட்டிவிட்டு ஓடுவார்கள். நரி சாவகாசமாக வந்து தின்னும். அதற்கும் முடியாதது ஈக்களுக்கு.

பந்தியில் கடைசி இடம் சிலும்பி என்ற முள்ளம்பன்றிக் குட்டிக்கு. பக்கத்தில் உட்கார்ந்தால் முள் குத்துமாம்! அவளிடம் வரும்போது பானை காலி.

"தீர்ந்துபோச்சே கண்ணு. பிள்ளைகளுக்கு அவ்வளவு பசி! நாளைக்குக் கூடுதலா ஆக்குறேன்" என்று அத்தை ஒரு கொய்யாக்காயைக் கொடுப்பாள்.

மறுநாள் பானை பெரிதாகும். மலைகளும் பெரிதாகும். சிலும்பிக்குக் கொய்யாக்காய்தான்.

ஒரு நாள் பசி தாங்காமல் தண்ணீர் குடிக்கப் போனவள், பாறைக்குப் பின்னால் பார்த்தாள். பொங்கல் குவிந்து கிடந்தது. நடுவில் நரி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. எல்லாம் எச்சில். எடுத்துத் தின்ன மனம் வரவில்லை. திரும்பினாள்.

மறுநாள் இலை போட்டதும், பந்தயத்தைப் பார்க்க வந்து நின்ற நரியிடம் கேட்டாள்: "நரி மாமா, நீங்க வீரரா?"

"இதென்ன கேள்வி?" மீசையை நீவியது நரி.

"அப்ப பந்தியில உட்காருங்க. உங்க மலையை நாங்க பார்க்கணும். தின்னும் காட்டணும்."

"ஆமா மாமா! உட்காருங்க மாமா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். மறுத்தால் மானம் போகாதா, குழந்தைகளே? நரி உட்கார்ந்தது.

அத்தை போட்டாள். தின்றது. மறுபடி போட்டாள். தின்றது.

குன்றன் தும்பிக்கையால் நரியின் இலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் போடுங்க அத்தை, மாமா வீரர்!" என்றான்.

நரிக்குக் கண் பிதுங்கியது. அடுத்த அகப்பை இறங்குவதற்குள் இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே நீட்டி அலறியது:

"போதும்! போதும் தாயே!"



"மாமா... அப்ப நீங்க கோழையா?" என்றான் குன்றன்.

"அட போடா! வயிறு நிறைஞ்சா போதும்னு சொல்லாம, வெடிச்சுச் சாகச் சொல்றியா?"

சொன்ன பிறகுதான் நரிக்கு உறைத்தது. எழுந்து நடந்தது. ஓட முடியவில்லை.

குன்றன் தன் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அத்தை, எனக்கு மூணு அகப்பை போதும்." குரங்குக் குட்டி ஒரு அகப்பையோடு போதும் என்று கையை நீட்டியது. முயலுக்கு அரையே தாராளம்.

பானை கடைசி இலைக்கு வந்தபோது இன்னும் ஆவி பறந்தது. அத்தை சிலும்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை நாளும் காலிப் பானையைத்தான் பார்த்தேன் கண்ணு. உன் இலையைப் பார்க்கலையே!"

"அப்புறம் பேசலாம் அத்தை," என்றாள் சிலும்பி, வாய் நிறைய. "சூடு ஆறிடும்."

நீதி: உன் வயிற்றுக்கு மேல் வாங்கிக் கொட்டும் சோறு, பந்தியின் கடைசியில் இருப்பவருடைய பங்கு.